பரமாயியின் கண்ணும் என் கையெழுத்தும்

தோட்டத்து டிஸ்பென்சரிகளுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் மருந்தைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. அதை என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் சொல்ல வந்தது ஒரு கையெழுத்தைப் பற்றி. முப்பத்தொரு வருடச் சேவையில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருப்பேன். அவற்றில் இன்னமும் என் கண்முன் வந்து நிற்பது அது ஒன்றுதான். அது பொய்க் கையெழுத்து. அதைவிட மோசம், போடும்போது நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு போட்டேன்.

அப்போது மலைநாட்டில் டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தேன். எனக்கு அறுபது முடிய எட்டு மாதம் இருந்தது. ஒரு வருடச் சேவை நீடிப்புக் கேட்டு எழுதியிருந்தேன். கொட்டகலையில் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. வேலை முடிந்தால் தோட்டத்துக் குவாட்டர்ஸை விட்டு இறங்க வேண்டும். நீடிப்புக்குத் தோட்ட நிர்வாகியான துரையின் சிபாரிசு வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததிலும் செய்யாமல் விட்டதிலும் இது கலந்திருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை துரை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். நாற்பது வயதிருக்கும். தோட்டத்தை நன்றாக நடத்த வேண்டும் என்ற ஆசை உள்ள மனிதர். மழையிலும் மலை ஏறுவார். கையில் ஒரு தாள் வைத்திருந்தார். அதில் பதினைந்து பேருடைய பெயர். எல்லோரும் ஐம்பத்தெட்டைத் தாண்டியவர்கள்.

"டொக்டர், இவங்களை ஒருக்காப் பாத்துக் குடுங்க. வேலைக்குத் தகுதியா, இல்லையா. அவ்வளவுதான்."

"என்ன திடீர்னு?"

"கொழும்புல கம்பெனியில கேக்குறாங்க. பக்கத்துத் தோட்டத்துல ஒரு ஆளு எடுக்குற கொழுந்து எவ்வளவு, நம்ம தோட்டத்துல எவ்வளவுன்னு பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்குறாங்க. இந்தப் பதினஞ்சு பேரும் நம்மளைக் கீழ இழுக்குறாங்க. நாலு பேர் தேறினாப் போதும்."

அதே வாரம்தான் அவர் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். பல தேயிலை மலைகளில் கொழுந்து முற்றிப்போய் நின்றது. மிச்சமிருந்து கூடை தூக்கியவர்கள் பெரும்பாலும் இந்த வயதுக்காரர்கள்தான். நான் அதைச் சொன்னேன்.

"நான் அவங்களை வரவேண்டாம்னு சொல்லலையே. பேரைத்தான் எடுக்கப் போறோம். முடியிற நாள் வரட்டும், எடுத்த கொழுந்துக்குக் கைக்காசு வாங்கிட்டுப் போகட்டும். விழுந்தா, நோயில படுத்தா நம்ம தலையில வராது."

இந்தப் பேர் என்ற சொல்லின் கனம் உங்களுக்குப் போகப் போகப் புரியும். பதிவேட்டில் பேர் இருந்தால்தான் லீவு, விபத்துக்கான உரிமை எல்லாம். தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பரா வீட்டில் இருப்பதற்கான தைரியமும் அந்தப் பேரில்தான் இருக்கிறது. துரை கேட்டது அந்த ஆட்களின் உழைப்பை வைத்துக்கொண்டு அவர்களை மட்டும் கழற்றிவிடும் வழி. அதற்கு ஒரு வைத்தியக் காரணம் வேண்டும். அதை எழுத நான் வேண்டும்.

புறப்படும்போது, "உங்க நீடிப்புக் கடிதம் என் மேசையிலதான் இருக்கு" என்றார். மிரட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிற குரலில் சொன்னார்.

சனிக்கிழமை பதினைந்து பேரும் வந்தார்கள். நோயாளி நோயைச் சொல்லி மருந்து கேட்பதைத்தான் அத்தனை வருடமும் பார்த்திருந்தேன். அன்று நோயை மறைக்க வந்தவர்களைப் பார்த்தேன். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் ஒருவர், முழங்கால் வலிக்கு மாதா மாதம் என்னிடம் தைலம் வாங்குகிறவர், டிஸ்பென்சரிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வந்தார். மேலே வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சிரைப்பதை மறைக்க எதையோ பார்ப்பது போலத் திரும்பி நின்றார். இன்னொரு அம்மா தலைமுடிக்கு அன்று காலைதான் மை பூசியிருந்தார். காதோரத்தில் கறுப்பு வழிந்திருந்தது.

பத்தாவதாகப் பரமாயி வந்தார். அறுபத்தொரு வயது. தோட்டத்தில் நல்ல கொழுந்துக்காரி என்று பெயரெடுத்தவர். கண் பரிசோதனைக்கு எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று ஒரு அட்டை உண்டு. மூன்று விரல் நீட்டிய கைபோல ஒரு குறி, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கையால் காட்டினால் போதும். பரமாயி கடகடவென்று காட்டினார். மேலே, வலது, கீழே, இடது. ஒன்றுகூடப் பிசகவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது. அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். மறுபடியும் கடகடவென்று அதே வரிசையைக் காட்டினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது முந்திப் போனவர்களிடம் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறார்.

கதவைச் சாத்தினேன். டோர்ச் அடித்துப் பார்த்தேன். வலது கண்ணில் வெண்படலம் முழுதாக மூடியிருந்தது. இடது கண்ணில் பாதிக்கு மேல்.

"அம்மா, உண்மையச் சொல்லுங்க. என் முகம் தெரியுதா?"

"தெரியுதுங்க ஐயா. கண்ணாடி போட்டிருக்கீங்க."

என் கண்ணாடி மேசைமேல் இருந்தது.

நான் அதை எடுத்துப் போட்ட சத்தத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"கொழுந்து எடுக்க வெரலு போதும் ஐயா. நாப்பது வருசமா எடுக்கிறேன். எங்க வீட்டுக்காரரு நாலு வருசமாப் படுக்கையில இருக்காரு. மகன் கொழும்புல. அந்தக் காம்பராவுக்குன்னு இருக்கிறது என் ஒரு பேருதான். அதையும் எடுத்துட்டா நாங்க யாரு இந்தத் தோட்டத்துக்கு?"

"இது ஒரு சின்ன ஒபரேசன்மா. ஆஸ்பத்திரியில செஞ்சா பார்வை திரும்பிடும்."

"எத்தனை நாளு வேலைக்கு வரக்கூடாது?"

"ஒரு கண்ணுக்கு ரெண்டு மூணு வாரம்."

"இந்தப் பட்டியலு சுத்துற நேரத்துல நான் மூணு வாரம் வரலைன்னா தொரை என்ன செய்வாருன்னு உங்களுக்கே தெரியுமே ஐயா."

எனக்குத் தெரியும். பேனாவை எடுத்தேன். "வேலைக்குத் தகுதி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு கையையும் கூப்பினார். மனதுக்குள் எனக்கு ஒரு நிறைவு வந்தது. அந்த நிறைவைத்தான் உங்களிடம் சொல்லி எச்சரிக்க விரும்புகிறேன். அது வந்தவுடன் நான் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். அடுத்த வாரம் அவர் எந்த மலைக்குப் போவார் என்று யோசிக்கவில்லை. கங்காணியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மொத்தத்தில் பதினொரு பேருக்குத் தகுதி என்றும், நான்கு பேருக்கு இலேசான வேலை என்றும் எழுதிக் கொடுத்தேன். துரை தாளைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலு பேர் தேறினாப் போதும்னு சொன்னேன். நீங்க நாலு பேரைத் தவிர எல்லாரையும் தேத்திட்டீங்க."

"இருக்கிறதைத்தான் எழுதியிருக்கேன் சேர்."

அதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

மூன்று வாரம் கழிந்தது. மழைக்காலம் பிடித்துவிட்டது. ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பெண் செருப்பில்லாமல் ஓடிவந்தாள். "ஐயா, ஏழாம் நம்பர் மலையில பரமாயி அக்கா கானுக்குள்ள விழுந்துட்டாங்க. எழுந்திரிக்கல." பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். மலையில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத பனி. பெண்கள் போட்ட சத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் இடத்தைக் கண்டுபிடித்தேன்.

மலைக்குக் குறுக்கே ஓடுகிற ஆழமான கான், மழைநீர் வடிகிற வாய்க்கால். அதைத் தாண்ட ஒரு கொங்கிரீட் பலகையைப் பாலமாகப் போட்டிருந்தார்கள். அது ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. கீழே, ஓடுகிற தண்ணீரில் பரமாயி கிடந்தார். வலது கால் இருக்கக்கூடாத கோணத்தில் இருந்தது. தலையில் இருந்து வந்த இரத்தத்தைத் தண்ணீர் கழுவிக்கொண்டே போனது. நாடியைப் பார்த்தேன். ஓடியது, ஆனால் மெலிந்து வேகமாக ஓடியது. தொடை எலும்பு உடைந்தால் உள்ளுக்குள்ளேயே எவ்வளவு இரத்தம் போகும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பெண்கள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குகளை அவிழ்த்துக் கொடுத்தார்கள். கவ்வாத்துக் குச்சிகளை வைத்துக் காலைக் கட்டினேன். இரண்டு கம்பில் சாக்கைக் கோத்துத் தூக்கினோம். ஒற்றையடிப் பாதை, சேறு. ஆறு பெண்கள் தூக்க, நான் பக்கத்தில் நாடியைப் பிடித்தபடி சறுக்கிச் சறுக்கி இறங்கினேன். அவருக்கு மயக்கம் வந்து வந்து போனது. தூங்கவிடக்கூடாது என்று பேச்சுக் கொடுத்தேன்.

"பரமாயி அம்மா, உங்க பக்கத்து நிரையில யாரு?"

"காமாச்சி..."

"அதுக்கு அடுத்தாப்ல?"

பதில் இல்லை. கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறந்தார். என் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தார். காதருகே அவர் சொன்னது வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

"கண்ணப் பத்திச் சொல்லிராதீங்க ஐயா."

ரோட்டுக்கு வந்தபோது லொறி இல்லை. கொழுந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தது, வர அரை மணியாகும். துரையின் ஜீப் மட்டும் நின்றது. அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பின் கதவைத் திறந்துவிட்டார், தானே ஓட்டினார். பனிக்குள் லைட்டைப் போட்டுக்கொண்டு, வளைவுக்கு வளைவு ஹோர்ன் அடித்துக்கொண்டு அவர் ஓட்டிய ஓட்டத்தை நான் மறக்கமாட்டேன். "இருக்காங்களா டொக்டர்? இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியைப் பிடித்து இழுத்ததும் அவர்தான். இந்த மனிதரைக் கெட்டவர் என்று என்னால் எப்போதும் சொல்ல முடியாதது அந்தப் பயணத்தால்தான்.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மத்தியானம் சொன்னார்கள். திரும்பி வரும் வழியில் துரை மெதுவாக ஓட்டினார்.

"பாத்தீங்களா டொக்டர்? இதுக்குத்தான் சொன்னேன். வயசு. வேற ஒண்ணுமில்லை. திங்கட்கிழமைப் பெரட்டுல மிச்சம் பதினாலு பேரையும் வேலையில இருந்து நிப்பாட்டுறேன். நீங்க விபத்து ரிப்போர்ட்டை எழுதுங்க. வயோதிபம், தலைச்சுற்று. அது போதும்."

என் சட்டையில் பரமாயியின் இரத்தம் காய்ந்திருந்தது.

சாயங்காலம் கங்காணி புஷ்பம் டிஸ்பென்சரிக்கு வந்தாள். பரமாயியின் கொழுந்துக் கும்பலை நடத்துகிறவள். முப்பத்தைந்து வயது. வந்ததும் அழுதுவிட்டாள்.

"அந்தப் பலகை ஆடுதுன்னு ரெண்டு தடவை ஆபீசுல சொன்னேன் ஐயா. செய்யல. இன்னைக்குக் காலையில நானே ஒரு பச்சைக் கொப்பை ஒடிச்சு நடுவுல நட்டு வச்சேன், யாரும் மிதிக்காதீங்கன்னு. எல்லாரும் சுத்திப் போனாங்க. அக்கா மட்டும் நேரா அது மேலயே போயிட்டாங்க. கொப்பு நிக்கிறது எப்படித் தெரியாமப் போகும்?"

எப்படித் தெரியாமல் போனது என்று அந்தத் தோட்டத்தில் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அவள் போன சிறிது நேரத்தில் தோட்டத் தலைவர் வந்தார். தொழிற்சங்கத்து ஆள். கதவருகே நின்றே பேசினார். "டொக்டர் ஐயா, பாலம் ஒடஞ்சிருந்துச்சு, விழுந்தாங்க. அத மட்டும் எழுதுங்க. புஷ்பத்துக்கிட்ட கொப்புக் கதைய வெளிய பேச வேணாம்னு சொல்லிட்டேன். கொப்பு இருந்துச்சுன்னா, ஏன் தெரியலைன்னு கேப்பாங்க. அப்புறம் கெழடு கட்டைகளுக்குக் கண்ணு தெரியலன்னு எல்லாரையும் தள்ளிருவாங்க." அவர் பயம் நியாயமானது. அவருக்கும் ஐம்பத்தாறு வயது.

ஒரு பக்கம் வயதை எழுதச் சொன்னார்கள். மறுபக்கம் பாலத்தை மட்டும் எழுதச் சொன்னார்கள். இரண்டிலும் என் கையெழுத்து தப்பித்துக்கொண்டது. யாரும் என்னைப் பிடிக்கப் போவதில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

வெள்ளிக்கிழமை டிஸ்பென்சரிப் பதிவேட்டை எடுத்து அந்தப் பருவம் முழுவதையும் புரட்டினேன். விழுந்து அடிபட்டு வந்தவர்கள் ஐந்து பேர். "கணுக்கால் சுளுக்கு", "முழங்கை அடி" என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. எங்கே விழுந்தார்கள் என்று ஒன்றில்கூட நான் எழுதியிருக்கவில்லை. சுளுக்குக்கு மருந்து கட்டுகிறவனுக்கு இடம் எதற்கு என்று நினைத்திருந்தேன். இன்று உங்களில் யாராவது பதிவேட்டில் ஒரு பத்தியைக் கூட்டிக்கொள்வீர்கள் என்றால், "எங்கே" என்று தலைப்புப் போடுங்கள்.

சனிக்கிழமை பின்னேரம் லயம் லயமாகப் போனேன். இரண்டு பேர் வேறு இடத்தில் விழுந்திருந்தார்கள். மூன்று பேர் அதே பலகையில். அவர்களுக்கு வயது இருபத்து மூன்று, முப்பத்தொன்று, நாற்பத்து நான்கு.

"ஆடுற பலகைன்னு எல்லாருக்கும் தெரியும் ஐயா" என்றாள் இருபத்து மூன்று வயதுக்காரி, கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு. "தாண்டித்தான் போவோம். அன்னைக்குக் கூடை நெறஞ்சிருந்துச்சு, தாண்ட முடியல."

ஞாயிற்றுக்கிழமை அறிக்கையை எழுதினேன். பலகை உடைந்திருந்ததும், இரண்டு தடவை சொல்லியும் திருத்தாததும், முன்பு விழுந்த மூவரின் வயதும் முதல் பக்கத்தில். இரண்டாம் பக்கத்தில், எச்சரிக்கைக்குக் கொப்பு நட்டிருந்ததும், பரமாயிக்கு இரண்டு கண்ணிலும் படலம் இருந்ததால் அதைக் காணவில்லை என்பதும். கடைசியாக, மூன்று வாரம் முன்பு அதைத் தெரிந்துகொண்டே நான் தகுதி என்று எழுதினேன் என்பதும். அந்தக் கடைசி வரியை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் எடுத்தது. என் மனைவி வாசித்துவிட்டு, "கூரை?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே, "தகரம் போட்டுக்கலாம்" என்றாள்.

ஒரு பிரதியைப் பதிவேட்டில் ஒட்டி, பக்க எண்ணும் போட்டேன். அதை இனி நானே நினைத்தாலும் கிழிக்க முடியாது.

திங்கட்கிழமை ஆறு மணி. ஆபீசுக்கு முன்னால், வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. பதினாலு பேரும் யாரும் சொல்லாமலே ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள், கூடையும் படங்குமாக. துரை மேசையில் பழைய பட்டியல் இருந்தது. என் அறிக்கையை வாசித்தார். முதல் பக்கத்தில் அவர் முகம் சிவந்தது. இரண்டாம் பக்கத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கண்ணு தெரியாத மனுசியை நீங்க மலைக்கு அனுப்பியிருக்கீங்க."

"ஆமா சேர்."

"தெரிஞ்சுக்கிட்டே."

"ஆமா."

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இதை அனுப்பினா எனக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம். ஒண்ணு செய்வோம். நான் வயசை விட்டுர்றேன். நீங்க பாலத்தையும் கண்ணையும் விட்டுருங்க. மழை, வழுக்கல், விபத்து. இந்தப் பதினாலு பேரும் இப்போதைக்கு இருக்கட்டும். உங்க நீடிப்புக்கு இன்னைக்கே எழுதுறேன்."

உண்மையைச் சொல்கிறேன், நான் அந்தத் தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினேன். எல்லோருக்கும் நல்லது நடக்கிற மாதிரி இருந்தது. பதினாலு பேர் வேலையில் இருப்பார்கள். எனக்குக் கூரை வரும். இரண்டாவது தடவையும் அந்த நிறைவு என் நெஞ்சுக்குள் எட்டிப் பார்த்தது.

துரை பரிவாகத்தான் சொன்னார்: "உங்க வயசுல இதெல்லாம் எதுக்கு டொக்டர்? பேசாம ஒரு வருசம் இருந்துட்டுப் போங்க."

நீட்டிய கை அப்படியே நின்றது. முப்பத்தொரு வருடத்தில் முதல் தடவையாக என்னைப் பார்த்து ஒருவர் அப்படிச் சொல்கிறார். என் வேலை இனி வேலை இல்லை, இருந்துவிட்டுப் போகிற காரியம். நான் எழுதுவது சரியா பிழையா என்பதுகூட இனி முக்கியம் இல்லை. வெளியே ஒதுங்கி நின்ற பதினாலு பேரும் என்ன கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்கு அந்த நிமிடத்தில்தான் உடம்பில் உறைத்தது. இரக்கத்தோடு சொன்னாலும் அது அதே பேச்சுத்தான். பரமாயிக்கு நான் போட்ட கையெழுத்தும் அதே பேச்சுத்தான்.

கையை இழுத்துக்கொண்டேன்.

"அது பதிவேட்டுல ஒட்டியாச்சு சேர். பக்க நம்பரும் போட்டாச்சு."

"உங்க நீடிப்பு?"

"தெரியும் சேர்."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். இந்த அறிக்கை இருக்கும்போது அந்தப் பட்டியலை வாசித்தால், உடைந்த பாலத்தை மறைக்க வயதானவர்களைத் தள்ளியதாக ஆகும். அது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஏழு மணி ஆகப்போகிறது. நூறு பேருக்கு மேல் நிற்கிற பெரட்டுக் களத்தில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்குமுன் கேட்டதில்லை. கடைசியில் அவர் வெளியே போனார். பட்டியலை எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏழாம் நம்பர் மலைக்கு இன்னைக்கு யாரும் போக வேணாம்" என்றார் புஷ்பத்திடம். "எல்லாப் பாலத்தையும் பாத்து எனக்குச் சொல்லுங்க. மத்தபடி வழக்கம்போல."

ஒதுங்கி நின்றவர்கள் சில நிமிடம் நகரவே இல்லை. 'வழக்கம்போல' என்ற சொல் தங்களுக்கும் சேர்த்துத்தானா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவர்களில் ஒருவரான, பரமாயியின் பக்கத்து நிரைக்காரி காமாச்சி முதலில் கூடையைத் தலையில் மாட்டினார்.

எல்லாம் நல்லபடி முடிந்தது என்று சொல்லமாட்டேன். பாலங்களைத் திருத்தினார்கள். நான்கு பேருக்கு நான் எழுதிய இலேசான வேலை, நாற்று வளர்க்கிற தவறணையில் கிடைத்தது. மேலிடத்தில் என்னை விசாரித்தார்கள், பொய்ச் சான்றிதழ் கொடுத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அது நியாயம், வாங்கிக்கொண்டேன். நீடிப்பு வரவில்லை. கொட்டகலை வீட்டுக்குத் தகரம் போட்டோம். தலைவர் என்னோடு பல மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தப் பட்டியல் வேறு தோட்டங்களில் வேறு வேறு பெயர்களில் வருவதாக இப்போதும் கேள்விப்படுகிறேன். உங்கள் மேசைக்கும் ஒருநாள் வரும்.

ஓய்வு பெற்றுப் புறப்படுகிற வாரம் பரமாயியைப் பார்க்கப் போனேன். காலில் கம்பி வைத்திருந்தார்கள், ஊன்றுகோலோடு நடந்தார். இனி மலை ஏற முடியாது. ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்திலேயே ஒரு கண்ணுக்கும், பிறகு மற்றதற்கும் ஒபரேசன் செய்திருந்தார்கள். வாசலில் நின்று என்னை உற்றுப் பார்த்தார்.

"ஐயாவுக்கு இவ்வளவு நரைச்சிருக்கா" என்றார்.

உள்ளே கட்டிலில் அவர் வீட்டுக்காரர் படுத்திருந்தார். பரமாயி பெஞ்சைத் துடைத்துப் போட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வார்த்தைகள். அவர் முழுவதையும் கேட்டார். அழவில்லை, என்னைத் தேற்றவும் இல்லை.

"எல்லாத்தையும் எழுதிட்டீங்கன்னு புஷ்பம் சொல்லுச்சு. என் கண்ணு கதையையுந்தான். நான் சொல்ல வேணாம்னேன், நீங்க எழுதிட்டீங்க. போகட்டும், அதனால பதினாலு பேரு இருக்காங்க. ஆனா அன்னைக்குக் கதவைச் சாத்துனீங்களே, அப்ப நீங்க என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்ன செய்யலாம் பரமாயின்னு. தொரை கேக்கல, அவரு தொரை. நீங்களும் கேக்கலையே ஐயா. நீங்களாவே பாவம்னு நெனைச்சு எழுதிட்டீங்க."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

அவர் யோசிக்கக்கூட இல்லை.

"ரோட்டோரத்து மலையக் குடுங்க, அங்க கான் இல்லைன்னு சொல்லியிருப்பேன். மழை விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போறேன், அதுக்கு நீங்களே தொரைக்கிட்ட லீவு எழுதி வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன். வந்ததும் என் நிரையிலயே என்னைய விடுங்கன்னு சொல்லியிருப்பேன்."

மூன்று விஷயம். மூன்றும் அந்தத் தோட்டத்தில் நடக்கக்கூடியவை.